கை தூக்கிய ஐந்து பேர்

கெட்டர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
9 பிப்ரவரி 1998

திருமதி மார்லிஸ் கூபிசெக் அவர்களுக்கு,

இருபத்து மூன்று வருடமாக உங்களை மார்லிஸ் என்றே கூப்பிட்டவன் நான். இப்போது நீங்கள் வேறு வங்கியின் ஆள். அதனால் இந்த மரியாதை.

ஜனவரி ஐந்தாம் தேதி மத்தியானம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். மூன்றே வாரத்தில் சூப்பர் மார்க்கெட்டுக்குள், பூங்கொத்து விற்கும் இடத்துக்கும் பீட்சா வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே, அந்தப் பெரிய வங்கியின் புதுக் கிளையில் மேலாளராக உட்கார்ந்திருக்கிறீர்கள். தலைக்கு மேல் பச்சை பலூன். என் காரை நிறுத்தும் இடத்திலிருந்தே தெரிகிறது.

இதுவரை அறுபத்தொரு குடும்பங்கள் எங்களை விட்டு உங்களிடம் வந்துவிட்டன. நேற்று சர்ச்சுப் பொருளாளர் வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காத ஓர்வில், மார்லிஸ் அங்க இருக்கா, அதான்" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கெட்டர் ஃபால்ஸ், ஓரின், ஸ்டோல்பெர்க் ஆகிய மூன்று ஊர்களிலும் கிளை உள்ள எங்கள் வங்கிக்குத் தாய் நிறுவனமான கெட்டர் வேலி கம்பெனியின் தலைவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் வாடிக்கையாளர் பட்டியலை நீங்கள் எடுத்துப் போயிருந்தால் வக்கீல் வழியாகப் பேச வேண்டியிருக்கும். உங்களுக்கு வங்கித் தலைவர் பதவி தராமல் என் தங்கை மகன் ட்ரென்ட்டுக்குத் தந்தது இயக்குநர் குழுவின் முடிவு. என் கைகள் கட்டப்பட்டிருந்தன. அன்றே சொன்னேன்.

ஓர்வில் டாலஃப்சன்

பி.கு.: ஓரின் கிளைக் கட்டடத்தின் பத்திரம் எங்கே இருக்கிறது? ட்ரென்ட் இரண்டு நாளாகத் தேடுகிறான்.

*

13 பிப்ரவரி 1998

திரு. டாலஃப்சன் அவர்களுக்கு,

நான் எந்தப் பட்டியலையும் எடுத்து வரவில்லை. என் கோட்டு, என் கைப்பை, என் அம்மா பின்னிய நாற்காலித் திண்டு, இவ்வளவுதான். யாருக்கு எத்தனை மாடு, யார் மகள் கல்லூரிக்குப் போகிறாள், யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டுமானால் உங்கள் வக்கீலிடம் வழி கேட்டுச் சொல்லுங்கள்.

ட்ரென்ட் கல்லூரி விடுமுறையில் வேலை பழக வந்தபோது, கடன் விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவள் நான். பதினைந்து வருடத்துக்கு அப்புறம் அவன் எனக்கு மேலதிகாரி. அதை என்னிடம் சொன்னபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த விதை கம்பெனி காலண்டரைப் பார்த்துச் சொன்னீர்கள். "குழு ஒத்துக்கல மார்லிஸ்." வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மருந்துக்கடை ஹார்லனா? கால்நடை டாக்டரா? எனக்கு இத்தனை நாள் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்ன இவர்களில் யார், ஒரு பெண்ணுக்குக் கீழே வேலை நடக்காது என்று சொன்னது? இப்போதெல்லாம் அவர்களில் எவரைக் கண்டாலும் நான் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

அந்தப் பத்திரம் கீழ்த்தளத்தில், மூன்றாவது அலமாரியின் கடைசி இழுப்பறையில். அது சிக்கும். முதலில் மேலே தூக்கி, அப்புறம் இழுக்கச் சொல்லுங்கள்.

மார்லிஸ் கூபிசெக்

*

2 மார்ச் 1998

மார்லிஸ்,

'அவர்களுக்கு' என்று எழுதி எழுதி எனக்கே வெட்கமாகிவிட்டது. வக்கீல் என் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, "ஓர்வில், இதுக்கு நான் ஃபீஸ் வாங்கினா பாவம். விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

பத்திரம் கிடைத்தது. தூக்கி இழுத்தான்.

உன்னிடம் புலம்பக் கூடாதுதான். ஆனால் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு காலத்தில் போட்டி என்றால் ஸ்டோல்பெர்க் முனையில் இருந்த இன்னொரு வங்கி ஒன்றுதான். அதன் முதலாளியோடு வெள்ளிக்கிழமை தோறும் பொரித்த மீனும் பிராந்தியுமாக உட்காருவேன். இன்று யார் எதிரி என்றே தெரியவில்லை. பாலாடைக்கட்டி ஆலைத் தொழிலாளர்களின் கடன் சங்கம் எங்களைவிட மலிவாகக் கார் கடன் கொடுக்கிறது. டிராக்டர் விற்கிற கம்பெனியே டிராக்டருக்குக் கடனும் கொடுக்கிறது. எங்கோ கிழக்கே, வாசல்கதவு கூட இல்லாத ஒரு வங்கி, தபாலிலேயே என் தங்கைக்குக் கடன் அட்டை அனுப்புகிறது. போதாததற்கு நீ.

"மாமா, இது போர்" என்கிறான் ட்ரென்ட். போருக்கு அவன் வாங்கிய ஆயுதம், தொலைபேசியில் தானே பதில் சொல்லும் ஒரு இயந்திரம். போன வாரம் எல்மர் வாஸ் கூப்பிட்டிருக்கிறார். அது ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றிருக்கிறது. கிழவர் பதினோரு மைல் பனியில் வண்டியோட்டி வந்து, வாசலில் நின்று கத்தினார்: "டோரிஸ் இருக்காளா இல்லையானு ஒரு வார்த்தை கேட்டேன். அந்தப் பொம்பளை என்னை ஒன்பது தடவை அழுத்தச் சொல்றா!"

"நான் இங்கதான் இருக்கேன் எல்மர், என்ன வேணும்?" என்றாள் கவுன்டருக்குப் பின்னாலிருந்த டோரிஸ்.

"ஒண்ணும் வேணாம். நீ இருக்கியானுதான் கேட்டேன்."

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

ஓர்வில்

*

20 ஏப்ரல் 1998

திரு. டாலஃப்சன்,

எல்மர் விஷயம் படித்துச் சிரித்தேன். அதற்காகப் பதில் எழுதவில்லை. லையல் புக்கோல்ட்ஸுக்காக எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் பெய்த ஈரப்பனியின் பாரம் தாங்காமல் லையலின் மாட்டுக்கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது தெரியுமல்லவா? ஐம்பத்திரண்டு மாட்டையும் அக்கம்பக்கத்தார் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். பால் பாதியாகிவிட்டது. அவன் சாணி ஒட்டிய பூட்ஸோடு என் முன்னால், அந்த ரோஜாப்பூ வாளிகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உங்களிடமிருந்து என்னை நம்பி வந்த அறுபத்தொரு குடும்பங்களில் அவனும் ஒருவன். விவரங்களைக் கணினியில் ஏற்றினேன். முந்நூறு மைல் தள்ளி இருக்கிற இன்னொரு கணினி நான்கு நிமிடத்தில் முடியாது என்றது. இரண்டு வருடம் முன்பு அவன் மனைவி ஜோன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று தவணை தாமதமாகிவிட்டதாம்.

"அந்தப் பெட்டிக்கு என்னைத் தெரியுமா மார்லிஸ்?"

"தெரியாது லையல்."

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

என் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் நல்லவள்தான். "மார்லிஸ், உங்க வேலை கேக்குறது, முடிவு பண்றது இல்ல" என்றாள்.

நீங்கள் போய் லையலைப் பாருங்கள். உங்களுக்கு நான் செய்யும் உதவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மா. கூபிசெக்

*

4 மே 1998

மார்லிஸ்,

மறுநாளே போனேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே ஜோன் ஒரு ஜோடி பூட்ஸை என் காலடியில் போட்டாள். "மார்லிஸ் போன் பண்ணினா. அந்த ஆள் நல்ல ஷூ போட்டுக்கிட்டு வந்து வாசல்லயே நிப்பாரு, பழைய பூட்ஸ் ஒண்ணு எடுத்து வைன்னா. இந்தாங்க." எனக்கு இரண்டு அளவு பெரியது. அதைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி கொட்டகையைச் சுற்றி வந்தேன். எத்தனை வருடமாயிற்று நான் ஒரு கொட்டகைக்குள் கால் வைத்து! அதெல்லாம் நீதானே செய்தாய். நான் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன், அவ்வளவுதான்.

காரின் முன்மூடிமேல் காகிதத்தை வைத்து லையலிடம் கையெழுத்து வாங்கினேன். ட்ரென்ட்டுக்குப் பிடிக்கவில்லை. "மாமா, கணக்குப்படி இது தேறாது" என்றான். "லையல் தேறுவான்" என்றேன். நேற்றுப் போனபோது கூரைச் சட்டம் ஏறிவிட்டது. பதினெட்டுப் பேர் ஏணியில் நிற்கிறார்கள். அதில் ட்ரென்ட்டும் ஒருவன், சொன்னால் நம்ப மாட்டாய்.

உன் தலைக்குள் இருப்பது அந்த பலூனுக்குக் கீழே வீணாகிறது. திரும்பி வந்துவிடு. துணைத் தலைவர் பதவி தருகிறேன். சம்பளம் நீயே சொல்.

ஓர்வில்

*

12 மே 1998

திரு. டாலஃப்சன்,

லையலுக்குச் செய்ததற்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் துணைத் தலைவர் யாருக்குத் துணை? ட்ரென்ட்டுக்கா? என்னை அழைக்க உங்களுக்கு நான்கு மாதம் ஆனது. அப்படியும் அதே நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைத்தான் போடுகிறீர்கள். வேண்டாம்.

மா. கூ.

*

8 ஜூன் 1998

திரு. டாலஃப்சன்,

இனிமேல் கொஞ்ச நாள் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கடையில் என்னைப் பார்த்தால் தக்காளி விலை மட்டும் பேசுங்கள்.

மார்லிஸ்

*

29 ஜூன் 1998

மார்லிஸ்,

நீ எழுதாதே என்றாய். ஆனால் செய்தி இப்போது செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

உன் வங்கி எங்களை முழுதாக வாங்கக் கேட்கிறது. மூன்று ஊரையும். எழுதாதே என்றது ஏன் என்று இப்போது புரிகிறது. நீ எனக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. தக்காளியைப் பற்றித்தான் பேசினோம். யார் கேட்டாலும் சத்தியம் செய்வேன்.

விலை நல்ல விலை. எங்கள் பங்கை நாங்களே இவ்வளவு உயர்வாக மதித்ததில்லை. குழுவில் ஏழு பேரில் நான்கு பேர், பங்குதாரர்களிடம் விட்டுவிடலாம், விற்பதுதான் நல்லது என்கிறார்கள். அவர்களில் என் தங்கையும் ஒருத்தி. இந்த ஊரில் நானூறு பேரிடம் பங்கு இருக்கிறது. பள்ளிக்கூட சமையல்காரியிடம்கூட இருக்கிறது. ஐரீன் ஷ்வெபாக் முதியோர் இல்லத்திலிருந்து கூப்பிட்டு, "எப்ப கையெழுத்து போடணும் ஓர்வில்?" என்று கேட்கிறாள். எண்பத்தொரு வயது. அந்தப் பங்குகளைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. சாதாரண நாளில் அதை வாங்க ஆளும் கிடைக்காது.

எனக்கு அறுபத்து நான்கு. எதிர்த்து நிற்பதா, விட்டுக்கொடுப்பதா என்று தெரியவில்லை. இதைப் பற்றி உன்னிடம் யோசனை கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து நான்கு தடவை பேனாவை எடுத்தேன். கேட்பதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கேட்டால் நான் மனுஷன் இல்லை.

போன டிசம்பரில் நடந்த கூட்டத்தில், அடுத்த வங்கித் தலைவர் யார் என்று கேட்டபோது ஐந்து பேர் உன் பெயருக்குக் கை தூக்கினார்கள். ஏழில் ஐந்து. ஹார்லன்தான் முதலில் தூக்கினார். தூக்காதவர்கள் என் தங்கையும் நானும். நான் எழுந்து நின்று, "அப்ப நான் இப்பவே கிளம்புறேன், நீங்களே நடத்திக்குங்க" என்றேன். முப்பது வருடப் பழக்கம். ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். வெளியே பேசுவதில்லை என்று வாக்கும் வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் உன்னிடம் வந்து குழு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஏன் என்று கேட்பாய். வாசல் பலகையில் இருக்கிற எங்கள் அப்பா பெயர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நீ அந்த அறையில் உட்கார்ந்தால் ஒரே வருடத்தில் என்னை யாரும் தேட மாட்டார்கள் என்று பயந்தேன். ட்ரென்ட் இருந்தால் தேடுவார்கள்.

ஓர்வில்

*

27 ஜூலை 1998

மார்லிஸ்,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. எதிர்பார்க்கும் தகுதி எனக்கு இல்லைதான்.

உன் பெயரில் நம் பங்குகள் இருப்பதால் விற்பனை ஆவணமும் வாக்குச் சீட்டும் சட்டப்படி உனக்கும் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்குக் கொடுத்தவை. சம்பள உயர்வுக்குப் பதிலாகக் கொடுத்தேன் என்பதும் நினைவிருக்கிறது. கூட்டம் செப்டம்பர் 19, உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்.

ஓர்வில்

*

10 ஆகஸ்ட் 1998

ஓர்வில்,

முதல் தடவையாக உங்களைப் பெயர் சொல்லி எழுதுகிறேன். பாசத்தால் அல்ல. நீங்கள் இனி எனக்கு முதலாளியும் இல்லை, மரியாதைக்குரியவரும் இல்லை என்பதால்.

பதவி போனதைக்கூட மன்னிப்பேன். எத்தனையோ பெண்களுக்குப் போயிருக்கிறது. ஆனால் ஏழு மாதம் ஐந்து நல்ல மனிதர்களை நான் வெறுத்தேன். என் அம்மாவின் கடைசி நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையைத் திறந்து மருந்து கொடுத்தவர் ஹார்லன். மார்ச் மாதம் அவர் மனைவி இறந்தபோது நான் துக்கத்துக்குப் போகவில்லை. போகவில்லை ஓர்வில்! ஜன்னல் வழியாகக் கார்கள் சர்ச்சுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் அதை எப்படித் தாங்கிக்கொண்டார்? வாக்குக் கொடுத்துவிட்டதால் ஒரு சொல் சொல்ல முடியாமல் நின்றாரே. அதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

யோசனை கேட்க வேண்டும் என்றீர்கள். என்னிடம் யோசனை எதுவும் இல்லை. என் வாக்கு என்னுடையது. அதைப் பற்றியும் கேட்க வேண்டாம்.

மார்லிஸ்

*

21 செப்டம்பர் 1998

மார்லிஸ்,

சனிக்கிழமை நீ கேள்வி கேட்டு முடித்ததும் வாக்கு எண்ணும்வரை நிற்காமல் போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்வதுதான் முறை.

தபாலில் ஏற்கெனவே வந்திருந்த சீட்டுகளைப் பார்த்தால் விற்பனை நிச்சயம். எங்கள் பழைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதற்கு மேலேயே இருந்தது. மடக்கு நாற்காலிகளில் ஆட்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். நீ கடைசி வரிசையில் எழுந்து, அந்த ஆவணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நகரத்திலிருந்து வந்த இளைஞனைக் கேட்டாய்:

"அறுபத்தொன்றாம் பக்கத்துல, அருகருகே இருக்கிற கிளைகளைச் சீரமைப்போம்னு போட்டிருக்கீங்க. ஓரின் கிளை இருக்குமா, இருக்காதா?"

"மேடம், வாடிக்கையாளர்களுக்குச் சிறந்த சேவை கொடுக்கறதுதான் எங்க..."

"சேவையைக் கேக்கல. கதவு திறந்திருக்குமானு கேட்டேன்."

"அதை இந்தக் கட்டத்துல சொல்ல முடியாதுங்க."

"சொல்ல முடியாதுன்னா இருக்காதுன்னு அர்த்தம். நான் உங்ககிட்டதான் வேலை பாக்குறேன். எனக்கு அந்தப் பாஷை தெரியும்."

நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். மேடையிலிருந்த எனக்குத்தான் மற்றவர்களின் முகம் தெரிந்தது. ஓரின்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். லையல் எழுந்து நின்றான். அந்த இளைஞன் சமாளிக்கப் பார்த்து, "இவங்க பழைய கம்பெனிமேல கோபத்துல வெளிய வந்தவங்க. இவங்க பேச்சை எடை போட்டுப் பாருங்க" என்றான். அப்போதுதான் நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாய்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, டிசம்பர் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஐந்து பேரின் பெயரையும் சொன்னேன். ஹார்லனின் பெயரை முதலில் சொன்னேன். அவர்கள் உன்னைத்தான் கேட்டார்கள், நான்தான் மிரட்டி மாற்றினேன், உன்னிடமும் பொய் சொன்னேன் என்று நானூறு பேர் முன்னால் சொன்னேன். ட்ரென்ட் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அது அப்போதுதான் தெரியும். காது வரைக்கும் சிவந்துவிட்டான். "மாமா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான் மெதுவாக. அவனுக்கும் நான் துரோகம்தான் செய்திருக்கிறேன்.

அப்புறம் வரிசை. பழைய சீட்டைத் திரும்ப வாங்கி மாற்றி எழுத, மேசையிலிருந்து வாசல்வரை நின்றார்கள். என் தங்கை மாற்றவில்லை. நான் கடைசி ஆளாக என் பங்குகளைப் போட்டேன். 'இல்லை' என்று. நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்குகள் விற்கலாம் என்று விழுந்தன. அறுபத்தேழு வேண்டும். விற்பனை நடக்காது.

எல்லோருக்கும் சந்தோஷமில்லை. நேற்று ஐரீனைப் பார்க்கப் போனேன். படுக்கையிலிருந்தபடியே சொன்னாள்: "ஓர்வில், உங்க ஊர்ப் பாசத்துக்கு என் அறை வாடகைதான் விலையா?"

இன்று காலை குழு கூடியது. குழுவில் வாக்கு இல்லாவிட்டாலும் ட்ரென்ட்டே வந்து உன் பெயரைச் சொன்னான். என் தங்கை கையும் சேர்த்து ஏழு கைகளும் எழுந்தன. வங்கித் தலைவர் பதவி உனக்கு. முக்காலி இல்லை மார்லிஸ். அந்த நாற்காலியே.

ஓர்வில்

*

28 செப்டம்பர் 1998

ஓர்வில்,

கூட்டத்துக்கு மறு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பூக்கடைப் பெண் அழுதாள். நான் அழவில்லை. என் சாமான்களைத் தக்காளிப் பெட்டி ஒன்றில் போட்டுக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஹார்லன் வந்தார். கையில், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை. மனைவி போனபிறகு தானே செய்யக் கற்றுக்கொண்டாராம். அடி கருகியிருந்தது. சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"துக்கத்துக்கு வரல நான்" என்றேன்.

"தெரியும்."

"தப்பு பண்ணிட்டேன் ஹார்லன்."

"சாப்பிடு மார்லிஸ். மேல இருக்கிறதை மட்டும் சாப்பிடு, கீழ கரி."

இரண்டு பேரும் கரியையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

பதவியைப் பற்றிப் பேசுமுன் நானும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதிய ஆகஸ்ட் பத்தாம் தேதியே என் வாக்குச் சீட்டையும் தபாலில் போட்டேன். 'விற்கலாம்' என்று. கோபத்தில் போட்டேன். உங்கள் அப்பா பெயர் எழுதிய பலகை கீழே இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று போட்டேன். பாதி ஐரீனுக்காகவும்தான், ஆனால் பாதிதான். சனிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டேன், ஓரின் மக்கள் தெரிந்துகொண்டு வாக்குப் போடட்டும் என்று. மற்றவர்கள் வரிசையில் நின்று சீட்டை மாற்றினார்கள். நான் மாற்றவில்லை. ஊர் முழுக்க என்னை வங்கியைக் காப்பாற்றியவள் என்று கைகுலுக்குகிறது. எனக்குக் கூசுகிறது. இது தெரிந்த பிறகும் வேண்டுமென்றால் வருகிறேன்.

வந்தால் எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். ஐரீனைப் போல விற்றே ஆக வேண்டியவர்களின் பங்குகளைக் கம்பெனியே நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ட்ரென்ட் என்னோடு இருக்க வேண்டும். கணினி விஷயத்தில் அவன் சொல்வது பாதிக்கு மேல் சரி. நாம்தான் காது கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் தொலைபேசிப் பெண்மணி போக வேண்டும். ஓரின் கிளை வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும், நீங்கள் வேலை தொடங்கிய இடம் அது. ஐந்து நாள் திறந்து வைத்தால் இன்னும் நான்கு வருடத்தில் மொத்தமாகவே மூட வேண்டிவரும். கதவு திறந்திருக்குமா என்று நான் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

கடைசியாக, நீங்கள் போக வேண்டும் ஓர்வில். வங்கியிலிருந்து மட்டுமல்ல, குழுவிலிருந்தும், தாய் நிறுவனத்திலிருந்தும். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். நீங்கள் பக்கத்து அறையில் இருக்கும்வரை நான் தலைவர் இல்லை.

மார்லிஸ்

*

5 அக்டோபர் 1998

மார்லிஸ்,

உன் சீட்டு ஆகஸ்ட் 13 வியாழக்கிழமை தபாலில் வந்தது. கம்பெனிக்கு வரும் உறைகளைப் பிரிப்பது நான்தான். நீ எந்தக் கட்டத்தில் குறி போட்டிருந்தாய் என்று அன்றே பார்த்தேன். பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கூட்டத்தில் நின்றேன். அதைப் பார்த்த பிறகுதான் உன் பெயரைக் குழுவிலும் வைக்கச் சொன்னேன். ஆக, எனக்குப் புதிதாக நீ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீயே சொன்னாய் பார், அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பங்குகளைக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும் என்று ஐரீனிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். "இது மார்லிஸ் மூளையில வந்ததா, உங்க மூளையில வந்ததா?" என்று கேட்டாள். உன்னுடையது என்றேன். "அப்ப நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓரினுக்கு மூன்று நாள் என்பதைப் படித்துவிட்டு எழுந்து போய் வெளியே கொஞ்சம் நடந்தேன். அப்புறம் வந்து உன் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். நான்கு வருடம் என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறாய். எனக்கு மூன்றுதான் வருகிறது.

விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ஹார்லனிடம் கொடுத்துவிட்டேன். மூன்று இடத்திலிருந்தும். படித்துவிட்டு, "நிஜமாத்தானா ஓர்வில்? போன தடவை மாதிரி எழுந்து நின்னு பயமுறுத்தலையே?" என்றார். உட்கார்ந்துகொண்டுதான் எழுதினேன் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

அறையைக் காலி செய்தாகிவிட்டது. என்னுடைய சாமான் ஒரு பெட்டிக்குக்கூட வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்த இடத்தில் என் பொருள் என்று இவ்வளவுதானா என்று டோரிஸ் கேட்டாள்.

வரும் திங்கள் காலை எட்டு மணிக்கு வா. முன்வாசல் வழியாக வா, எல்லோரும் பார்க்கட்டும்.

நான் அங்கே இருக்க மாட்டேன்.

ஓர்வில்